அக்கா பையனுக்கு ஹிர்ஷ்ப்ரங் நோய்: மரபணு ஆலோசனைக்கு வழி சொல்லுங்க

வணக்கம். கடலூர் முதுநகர்ல இருந்து எழுதுறேன். அக்கா பையன் பிறந்து ரெண்டு நாளாகியும் மலம் போகல, வயிறு உப்பிருச்சு. திசு பரிசோதனையில ஹிர்ஷ்ப்ரங் நோய்னு தெரிஞ்சுது, அதாவது குடலோட கடைசிப் பகுதியில நரம்பணுக்கள் இல்லாம பிறக்குறது. சுமார் 5,000 குழந்தைகள்ல ஒண்ணுக்கு வருமாம்.

கரு உருவாகி 4-லிருந்து 7 வாரத்துக்குள்ள, பின்னாடி குடலோட நரம்பணுக்களா மாறப்போற நரம்பு முகட்டுச் செல்கள் குடல் வழியா ஆசனவாய் வரை இறங்கணும். குடல் சுவர்ல சுரக்குற ஜிடிஎன்எஃப் புரதம் அந்தச் செல்களைக் கூப்பிடும். செல் மேல இருக்குற ரெட் (RET) ஏற்பி, அதாவது சைகையை வாங்குற புரதம்தான் அதைக் கேட்கும். ரெட் மரபணுவுல மாற்றம் இருந்தா செல்கள் பாதியிலேயே நின்னுடலாம். அதுக்குக் கீழ உள்ள குடல்ல நரம்பணுக்களே இருக்காது. அக்கா தன்னாலதான்னு அழுவுறாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க!

அறுவை முடிஞ்சு பையன் தேறிட்டான். அடுத்த குழந்தைக்கு முன்னாடி ரெட் பரிசோதனை, மரபணு ஆலோசனைக்கு ஜிப்மர்ல எந்தப் பிரிவுல கேக்கணும்? இதே அறுவை செஞ்ச பிள்ளைங்களோட அம்மாக்கள் யாராவது அக்காகிட்ட பேச முடியுமா?