அடைத்த வளைவுகள் எதற்கு?

மல்லாவிப் பொடியன்: இங்கிலாந்துச் சித்தி யோர்க்‌ஷயரில் வாரம் பேர்சி என்ற பாழூர்த் தேவாலயத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கூரை இல்லை, கோபுரமும் பாதிதான். ஆனால் பக்கச் சுவருக்குள் தூணும் வளைவும் புதைந்து நிற்கின்றன, இடைவெளியெல்லாம் கல்லால் அடைப்பு. ஏன் அப்படி?

குளக்கட்டு: தம்பி, அந்த வளைவுகளுக்கு வெளியே பக்கக் கூடங்கள் இருந்தன. சனம் பெருகியபோது சுவரைத் திறந்து அகட்டினார்கள். 1500 அளவில் ஊர் நிலமே ஆட்டு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. சனம் குறைய, கூடங்களை இடித்து வளைவுகளை அடைத்துவிட்டார்கள்.

பழைய மேசன்: அண்ணை சொல்வது சரி. கோபுரம் 1959இல்தான் பாதி விழுந்தது. இதே மாதிரி, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்கள் வீட்டு விறாந்தையும் இல்லை. விறாந்தைக்குப் போகும் வாசலைச் சீமெந்துக் கல்லால் நானே அடைத்தேன். நிலை இருந்த கோடு பூச்சுக்குள்ளால் இன்னும் தெரிகிறது.