கிங் கிஸர்ட்: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு நிமிடம்

பிரன்ஸ்விக் ட்ராம்:
இந்த ஆஸ்திரேலிய ராக் குழுவின் இசையில் உங்களுக்கு மறக்க முடியாத ஒரு நிமிடத்தை எழுதுங்கள், நானே தொடங்குகிறேன். 2017 நவம்பர், இவர்களுடைய பாலிகோண்ட்வானாலேண்ட் ஆல்பம் வந்த வாரம். கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரே வருடத்தில் ஐந்து ஆல்பம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள், இது நாலாவது. காசு வேண்டாம், மாஸ்டர் கோப்புகளே (மூல ஒலிப்பதிவு) இதோ, யார் வேண்டுமானாலும் ரெக்கார்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள். நான் அப்போது மெல்பனில் மாணவன். ரெக்கார்டு போட என்னிடம் ஏது பணம்? இருபது சிடியில் பதிந்து, பழுப்பு அட்டையில் மடித்து, பேனாவால் பெயர் எழுதி, துணி துவைக்கும் கடை, நூலகம், ட்ராம் நிறுத்தம் என்று வைத்துக்கொண்டே போனேன்.

கடைசி சிடி மட்டும் கையில் இருந்தது. சிட்னி ரோடு நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நீட்டினேன். விலை கேட்டார். இலவசம் என்றேன். சிடியை வெளியே எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் பட்டு அந்த ஏழு நிறமும் அவர் தாடையில் ஓடியது. "அப்படியென்றால் இதில் என்ன கோளாறு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. ட்ராம் வந்தது, ஏறிப் போய்விட்டார். என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஒன்பதாவது பாட்டு:
எனக்கு நானகன் இன்ஃபினிட்டி காலம், 2016. ஒன்பது பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, கடைசிப் பாட்டு மறுபடி முதல் பாட்டில் போய் முட்டும் ஆல்பம். மேடையிலும் நிறுத்தாமல் அப்படியே கொண்டுபோனார்கள். அப்போது ஏழு பேர், அதில் இரண்டு டிரம்மர்கள்: கவனா, எரிக் மூர். இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு இடத்தில் நாலு குச்சியும் ஒரே உயரத்துக்கு ஏறி, ஒரு கணம் மேலே நின்று, ஒன்றாக இறங்கின. அடி நெஞ்சில்தான் விழுந்தது, காதில் அல்ல.

ஆனால் அந்த இரவில் முக்கால்வாசி நேரம் நான் முன்னணிப் பாடகர் ஸ்டூ மெக்கன்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பனிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூர் விலகினார், ஃப்ளைட்லெஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் கவனா ஒருவர்தான். நன்றாகத்தான் வாசிக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு குச்சி இனிமேல் கிடையாது.

வயலின் டீச்சர்:
நான் ராக் இசை கேட்டு வளர்ந்தவள் இல்லை. மெல்பனில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவியின் அண்ணன் வற்புறுத்தி அழைத்துப் போனான். ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா ஆல்பம் வந்த வருடம். அந்த மஞ்சள் கிட்டாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கழுத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் வழக்கமான கட்டைகளுக்கு நடுவே கூடுதல் கட்டைகள் இருக்கும். "ஸ்லீப் டிரிஃப்டர்" பாட்டு தொடங்கினதும் என் இடது கைச் சுண்டுவிரல் பைக்குள்ளேயே தானாக அசைந்தது. பியானோவில் இல்லாத இடங்களில் அவர்கள் நிற்கிறார்கள்! வீட்டுக்கு வந்து இரவு பதினொன்றரைக்கு வயலினை எடுத்து அந்த வரியைத் தேடினேன். இது நம்ம கமகம்தானே, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிறது? இதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நாலு கால் சுருதி:
டீச்சர், மரியாதையோடு மறுக்கிறேன். எடுத்த இடத்தை மறைக்கவே இல்லை. அந்த ஆல்பம் முதலில் பக்லமா என்ற துருக்கி நரம்புக் கருவிக்காக யோசித்தது. ஸ்டூவுக்கு அவருடைய நண்பர் அந்தக் கிட்டாரைச் செய்து கொடுத்தார். சாதாரணக் கருவியோடு அதை வாசிக்க முடியாது என்பதால், குழுவில் ஆளுக்கு 200 டாலர் ஒதுக்கி, கருவி வாங்கி அதையும் இதே மாதிரி மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஸ்தாயியை (ஸ முதல் மேல் ஸ வரை) 24 சம பாகமாக வெட்டின முறை அது. வெட்டின இடத்தில் ஸ்வரம் அசையாமல் நிற்கும். கமகம் நிற்பதல்ல, போவது. தோடி ராகத்தில் அசைந்துகொண்டே வரும் காந்தார ஸ்வரத்தை எந்தக் கட்டையில் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்? இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காதுக்குப் பழக்கமாகப் பட்டதெல்லாம் நம்முடையது ஆகிவிடாது. துருக்கிக்காரர்களுக்குப் போக வேண்டிய பெயர் அவர்களுக்கே போகட்டும்.

என் அனுபவம் சின்னது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டை முதல்முறை ஹெட்ஃபோனில் கேட்டபோது ஸூர்னா நுழைந்தது. சீவாளி வைத்து ஊதுகிற கருவி. தாத்தா ஊரில் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது எழும் சத்தம் அப்படியே காதில் விழுந்தது. ஸூர்னாவும் நாகஸ்வரமும் சொந்தம் என்று சொல்லுங்கள், உடனே ஒப்புக்கொள்கிறேன்.

வயலின் டீச்சர்:
கமகம் என்று எழுதியது தவறுதான், அந்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். விரல் அசைந்தது மட்டும் உண்மை.

முன்வரிசை:
2019, இன்ஃபெஸ்ட் த ராட்ஸ் நெஸ்ட் ஆல்பம், முழுக்க முழுக்க த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக, அதிரடி ராக். ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்றேன். மூன்று நாள் காதில் சில்வண்டு.

இங்கே நெஞ்சில் அடி விழுந்தது என்று எழுதியவருக்கும் மற்ற எல்லாருக்கும் சொல்கிறேன், தயவு செய்து காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். இவர்கள் மூன்று மணி நேரமும் வாசிப்பார்கள், 2022இல் அமெரிக்காவின் ரெட் ராக்ஸ் அரங்கில் அப்படித்தான். நுரை அடைப்பான் வாங்கினால் விரலில் நன்றாக உருட்டி மெல்லிசாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். அது விரியும் வரை விரலால் அழுத்தி வைத்திருங்கள். பலர் நுனியை மட்டும் செருகிக்கொண்டு இது வேலை செய்யவில்லை என்கிறார்கள். பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறைய வேண்டுமென்றால் இசைக்கலைஞர்கள் போடும் வடிகட்டி வைத்த வகை இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் காதை முழுக்க மூடும் ஹெட்செட் கட்டாயம். போன செவித்திறன் திரும்பாது. சில்வண்டு எனக்கு இன்னும் இரவில் வருகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஜீலாங் வழி:
2025 ஆகஸ்ட். மனைவியோடு கிரேட் ஓஷன் ரோடில் கார். குழுவில் பலர் அந்த வழியில் இருக்கும் ஜீலாங் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், அந்தக் கடற்கரையைத் தாண்டும்போது இவர்கள் பாட்டைப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பட்டியலைத் திறந்தால் இவர்கள் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில். தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஜூலையிலேயே ஸ்பாட்டிஃபையை விட்டு விலகிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதன் தலைவர் டேனியல் எக்கின் முதலீட்டு நிறுவனம், ராணுவத்துக்கு ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் செய்யும் ஹெல்சிங்குக்கு 60 கோடி யூரோ திரட்டியதில் முன்னால் நின்றது, அதுதான் காரணம். மனைவி படித்துச் சொன்னாள். அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டோம். ஆங்கிள்ஸீ வரைக்கும் அலைச் சத்தம்தான்.

ஒரு கேள்வி மட்டும் உறுத்துகிறது. இவர்கள் விட்டுக்கொடுத்தது பெரிய வருமானம். நான் அதே ஆப்பில் இன்னும் மற்ற பாட்டெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ட்ராம் நண்பரே, விலகின கையோடு பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் தளத்தில் விரும்பின விலை கொடுங்கள் என்று ஆல்பங்களை வைத்தார்கள். அந்தப் பெரியவர் இருந்தால் மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்பார்.

மதுரை டிகிரி காபி:
நேரில் பார்த்ததே இல்லை, எழுதலாமா என்று தெரியவில்லை. 2024 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை யூடியூபில் இலவசமாக நேரலை விட்டார்களே, அதுதான் என் அனுபவம். அங்கே ராத்திரி, எங்களுக்கு விடியற்காலை. வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். அம்மா முதலில் சத்தத்தைக் குறை என்றுதான் சொன்னார்.

ஒரு நாள் குழுவில் ஒருவரான ஆம்ப்ரோஸ் மவுத் ஆர்கனை எடுத்தார். அம்மா டபராவில் ஆற்றிக்கொண்டிருந்த காபியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மூச்சு வாங்குறதையே பாட்டாக்குறானே இந்தப் பிள்ளை" என்றார். ஆம்ப்ரோஸின் அப்பா பிராடெரிக் ஸ்மித்தும் இந்தக் கருவியில் பெயர் எடுத்தவர், மகனுடைய குழுவின் ஆல்பம் ஒன்றுக்குக் கதை சொல்லிக் குரல் கொடுத்தவர், போன வருடம்தான் இறந்தார் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. காபியை வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரைக்கும் பார்த்தார்.

மறுநாள் அவர்களுக்கு ஓய்வு நாள், நிகழ்ச்சி இல்லை. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். போன் வைக்கிற இடத்தை அம்மா துணியால் துடைத்துவிட்டுக் கேட்டார், "என்னடா, அந்தப் பிள்ளை இன்னைக்கு வரலையா?"