கூம்பாவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? – சூப்பர் மாரியோவின் சில்லறை எதிரிகள்

எட்டுபிட்

நின்டெண்டோவின் சூப்பர் மாரியோ வீடியோ ஆட்டத் தொடரில் வழியெல்லாம் வரும் சில்லறை எதிரிகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதல் மாலை கூம்பாவுக்குத்தான் விழுகிறது. பழுப்பு நிறம், கடுகடுத்த புருவம், இரண்டு பாதம். நடக்கும், மிதித்தால் நசுங்கும். 1985இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்து இன்றுவரை அது வேறு எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதைப் போய்த் தொடரின் அடையாளம் என்கிறார்கள்.

என் கட்சி இது: தொடரின் உண்மையான உழைப்பாளி கூப்பா ஆமை. மிதித்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும். உதைத்தால் ஓடு சறுக்கிக்கொண்டு போய் வழியில் நிற்பவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகும். குழாயில் மோதினால் திரும்பி வந்து உதைத்தவரையே கொல்லும். எதிரியும் அதுவே, ஆயுதமும் அதுவே. பச்சை ஆமை விளிம்பைக் கவனிக்காமல் பள்ளத்தில் விழும். சிவப்பு ஆமை விளிம்புவரை வந்து திரும்பிவிடும். நிறத்தை மாற்றியே குணத்தைச் சொல்லிவிட்டார்கள். கூம்பாவிடம் இதில் ஒன்றாவது உண்டா? மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

கயல்விழி

எட்டுபிட் அவர்களே, ஆதாரம்தானே, தருகிறேன். முதலில் உங்கள் ஆமையைத்தான் அடிப்படை எதிரியாக வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிவடையும் தறுவாயில், விளையாடிப் பார்த்தவர்களுக்கு அது கடினமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு மிதி, பிறகு ஓர் உதை என்பது புதியவருக்குக் குழப்பம். ஒரே மிதியில் கணக்குத் தீரும் எதிரி ஒன்று வேண்டும் என்று கடைசியில் சேர்த்ததுதான் கூம்பா.

அதற்குள் ஆட்டத்தை அடைத்து விற்கும் கேட்ரிட்ஜில் இடம் தீர்ந்துவிட்டது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. ஆகவே கூம்பாவின் நடைக்கு ஒரே ஒரு படம். அதையே இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு பாதங்களும் ஒன்றுபோல் இருக்காது. படம் புரளும்போது பாதம் மாறுகிறது, நம் கண் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு சிக்கனத்தில் பிறந்ததைக் கையாலாகாதது என்கிறீர்கள்.

முதல் உலகின் முதல் கட்டமான 1-1இன் தொடக்கத்தை மெதுவாகப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி. போக வேண்டிய திசை அதிலேயே தெரிந்துவிடுகிறது. நான்கடி வைத்ததும் எதிரே கூம்பா. குதிக்காதவர் அங்கேயே சாகிறார். ஆனால் தொடங்கிச் சில நொடிகள்தானே ஆகின்றன, இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த முறை குதிக்கிறார், தலை பெட்டியில் முட்டுகிறது, காளான் வெளிவருகிறது. அதுவும் கூம்பாவைப் போலத் தொப்பி வைத்த உருவம்தான். ஆனால் அது விலகிப் போகிறது. ‘இது வேறோ?’ என்று யோசிப்பதற்குள் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வருகிறது. தப்பிக்கக் குதித்தால் மேலே இருக்கும் பெட்டி வரிசை தலையில் இடிக்கிறது, காளான்மேலேயே விழுகிறோம். சாகவில்லை, வளர்கிறோம்! இந்த ஏற்பாட்டை, ஆட்டத்தை உருவாக்கிய மியாமோட்டோவே பின்னாளில் விளக்கியிருக்கிறார். முன்னால் நின்று கொன்ற கூம்பா இல்லையென்றால் அந்தக் காளானில் ஒரு வியப்பும் இருந்திருக்காது.

மாடிவீட்டுக் குமரன்

இருவரும் ஒன்றாம் வகுப்பு வாசலிலேயே கட்டிப் புரள்கிறீர்கள். கொஞ்சம் 3-1க்கு வாருங்கள். அங்கே ஹேமர் பிரதர்ஸ் இருவர் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் எறியும் சுத்தியல் வளைந்து வருகிறது, எப்போது எறிவார்கள் என்று சொல்ல முடியாது. மேல்வரிசைக்குத் தாவுவார்கள், கீழ்வரிசைக்கு இறங்குவார்கள். ‘சரி, ஒழுங்கு பிடிபடட்டும்’ என்று எட்ட நின்று பார்த்தால், சற்று நேரத்தில் நம்மை நோக்கியே நடந்து வருகிறார்கள். யோசிப்பதற்கும் தண்டனை தரும் எதிரி இது. கூம்பாவையும் ஆமையையும் நான் தூக்கத்தில்கூட மிதிப்பேன். 8-3இல் இவர்களைப் பார்த்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. சில்லறை எதிரிகளில் நோட்டாக இருப்பவர்கள் இவர்கள்தான்.

எட்டுபிட்

குமரன், கடினமாக இருப்பதே பெருமை என்றால் மேடு பள்ளங்களுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். அதிகம் பேரைக் கொன்றது பள்ளம்.

கயல்விழி, உங்கள் வரலாறு எனக்குத்தான் உதவுகிறது. ஆட்டம் முழுதும் கூம்பா இல்லாமலேயே உருவாகி முடிந்திருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! இன்னொன்றும் சொல்கிறேன். இளவரசியை மீட்டபின் கிடைக்கும் இரண்டாம் சுற்றில் கூம்பா நின்ற இடங்களிலெல்லாம் பஸ்ஸி பீட்டில் நிற்கிறது. மாரியோ எறியும் தீப்பந்துக்கு அசையாத கருவண்டு, அதற்கும் ஓடு உண்டு. ஒரு கூம்பாகூட இல்லாமல் முழு ஆட்டமும் நடக்கிறது, இன்னும் விறுவிறுப்பாக நடக்கிறது. அமெரிக்காவில் 1988இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2இல் கூம்பாவே கிடையாது. முகமூடி போட்ட ஷை கை வந்து வேலையைப் பார்த்தார். 1990இல் சூப்பர் மாரியோ வேர்ல்டில் என்ன செய்தார்கள்? மிதித்தால் நசுங்காமல் கவிழ்ந்து கிடக்கும், தூக்கி எறியலாம் என்று ஆக்கினார்கள். அதாவது கூம்பாவுக்கு ஆமை வேடம் போட்டார்கள்.

பழைய கேட்ரிட்ஜ்

தம்பி எட்டுபிட், உங்களுக்கு 1983இன் மாரியோ பிரதர்ஸ் நினைவிருக்காது. அதிலும் ஆமைகள் உண்டு. அவை நடக்கும் தளத்தைக் கீழிருந்து முட்டிக் கவிழ்க்க வேண்டும். பிறகுதான் அருகில் போய் உதைத்துத் தள்ளலாம். நடந்து வரும் ஆமையின் தலையில் குதித்தால் செத்தீர்கள். ஆமை என்றால் தொடாதே என்று பழகியவர்களிடம் இரண்டே வருடத்தில் ‘இனி மேலே ஏறி மிதிக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அதை ஆமையை வைத்தே சொல்ல முடியுமா? பழைய பயம் போகாதே. முன்பின் பார்த்திராத ஒரு முகம் தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. தொண்ணூறுகளில் நம் ஊரில் பெரும்பாலோர் இதை ஆடியது நகல் பெட்டிகளில்; பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த கேட்ரிட்ஜ். கையேடு கிடையாது, கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியாது. கூம்பா என்ற பெயரையே நான் மிகப் பிந்தித்தான் கேள்விப்பட்டேன். ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் ‘மிதி’ என்று சொல்லிக் கொடுத்ததில்லை.

எட்டுபிட்

அண்ணா, சொல்லிக் கொடுத்ததில் கூம்பாவுக்குப் பங்கு இருக்கட்டும். ஆனால் ஆசிரியர் வேறு, கதாநாயகன் வேறு. தெருவில் எல்லோரும் கூடி நின்று பார்த்தது எதை? 3-1 முடிவில் வரும் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து உயிர் சேர்ப்பதைத்தானே? ஓடு படியில் மோதித் திரும்பும், மீண்டும் மிதி, மீண்டும் மோதல். புள்ளிகள் ஏறி, பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர். கூம்பாவை வைத்து அப்படி ஒரு வித்தை காட்டுங்கள் பார்ப்போம்.

கயல்விழி

அந்த வித்தையில் பேராசைப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்களேன். உயிர் 128ஐத் தொட்டால் கணக்கு கழித்தல் பக்கம் புரண்டுவிடும். அடுத்த சாவோடு ஆட்டமே முடிந்துவிடும். உங்கள் உழைப்பாளி கொடுத்த சம்பளம் அது!

இரண்டாம் சுற்றைப் பற்றிச் சொன்னீர்கள். ஆட்டத்தைக் கடினமாக்க அவர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்று கூம்பாவை எடுத்ததுதான் என்றால், முதல் சுற்றில் அது எவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருவண்டை முதல் நாளே 1-1இல் வைத்திருந்தால் இந்தத் தொடருக்கு இரண்டாம் பாகம் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அமெரிக்க இரண்டாம் பாகத்தை இழுப்பது நியாயமல்ல. அது 1987இல் ஜப்பானில் வெளியான டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு ஆட்டத்துக்கு மாரியோ சட்டை போட்டது. அங்கே தலையில் குதித்தால் எதிரி சாக மாட்டார், ஏறி நிற்கலாம், பிடுங்கி எறியலாம். மிதி இல்லாத ஊரில் கூம்பாவுக்கு என்ன வேலை? 1990இல் போட்ட வேடமும் நிலைக்கவில்லை. 2006இன் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பழையபடி நசுங்கும் கூம்பாதான் வந்தது.

‘எதையும் கற்றுக்கொள்ளவில்லை’ என்றதற்கும் பதில் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் 5-3இல் மட்டும் ஒரு கூம்பா பச்சைக் காலணிக்குள் உட்கார்ந்து துள்ளி வரும். அது நிற்கும் கட்டையைக் கீழிருந்து முட்டினால் கூம்பா போய்விடும், காலணி நமக்கு, முள்மேல்கூட நடக்கலாம். அந்த ஒரே கட்டத்தோடு சரி, பிறகு வராது. 2017இன் சூப்பர் மாரியோ ஒடிசியில் தொப்பியை எறிந்து கூம்பாவாகவே மாறலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டலாம். மாரியோ வழுக்கும் பனித்தரையில் கூம்பா வழுக்காது.

நெய்தல்

ஆமையா கூம்பாவா என்பதே குறுகிய கேள்வியாகத் தெரிகிறது. இந்தத் தொடரின் சில்லறை எதிரிகள் மனத்தில் நிற்பது அவற்றுக்கென்று ஒரு சுபாவம் இருப்பதால். பிரானா செடியைப் பாருங்கள்: குழாயை ஒட்டி நின்றால் வெளியே தலைகாட்டாது. கொல்ல வந்த செடிக்கு அப்படி ஒரு நாகரிகம்.

1988இல் மூன்றாம் பாகத்தில் வந்த ‘பூ’ (Boo) என்ற பேய்தான் என் தேர்வு. முகத்தைப் பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றுவிடும்; முதுகைக் காட்டினால் துரத்தும். ஆட்டத்தின் இயக்குநர்களில் ஒருவரான தெசுகாவின் மனைவி வழக்கமாக அமைதியானவராம். கணவர் எந்நேரமும் அலுவலகத்திலேயே கிடப்பதைப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் வெடித்துவிட்டார். அதிலிருந்து பிறந்த பேய் இது. ஆட்டமாகப் பாருங்கள்: அதுவரை மாரியோ எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது போகும் திசை மட்டுமே. இந்தப் பேய் வந்தபின் சும்மா திரும்பிப் பார்ப்பதே ஒரு தற்காப்பு. புதிய பொத்தான் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

அதே பாகத்தில் வந்த, சங்கிலியில் கட்டிய உருண்டை எதிரி செயின் சாம்பும் அப்படித்தான். சிறுவயதில் மியாமோட்டோவைப் பார்த்துப் பாய்ந்த ஒரு நாயைச் சங்கிலிதான் நிறுத்தியதாம். அந்தச் சங்கிலியின் நீளம்தான் முழு ஆட்டமும்: இதுவரை வரும், அதற்குமேல் வராது. 1996இன் மாரியோ 64இல் அது கட்டப்பட்ட முளையை மூன்று முறை ஓங்கி மிதித்து இறக்கினால், விடுபட்ட மகிழ்ச்சியில் கம்பிகளை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். உள்ளே இருந்த நட்சத்திரம் நமக்கு. எதிரியை விடுவிப்பதே வெற்றி. இதற்குப் பக்கத்தில் உங்கள் ஓட்டையும் பாதத்தையும் வைத்துப் பாருங்கள்.

மாடிவீட்டுக் குமரன்

நெய்தல், சுபாவம் என்று வந்துவிட்டால் லகிட்டுவை விட்டது அநியாயம். மேகத்தில் உட்கார்ந்து முட்டை முட்டையாக எறியும். தரையைத் தொட்டதும் அவை முள் ஆமைகளாகும், மிதிக்க முடியாது. ஒரு கதை சொல்வதற்குள் உங்களை நிற்க விடாமல் துரத்தும். கொன்றால் சற்று நேரத்தில் இன்னொன்று வந்துவிடும்.

பழைய கேட்ரிட்ஜ்

வரிசை வேண்டும் என்றால் உருவாக்கியவர்களே ஒன்று கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் கோட்டைக் கடைசியில் நிற்கும் ஆமைகளின் அரசன் பவுசரைக் கோடரி எடுத்துப் பாலத்தோடு வீழ்த்தாமல் ஐந்து தீப்பந்துகளால் அடித்துப் பாருங்கள். ஏழு உலகங்களிலும் வேடம் கலைந்து ஒரு சில்லறை எதிரி விழும். முதல் உலகில் கூம்பா; இரண்டில் பச்சை ஆமை; மூன்றில் பஸ்ஸி பீட்டில்; நான்கில் முள் ஆமை ஸ்பைனி; ஐந்தில் லகிட்டு; ஆறில் புளூப்பர்; ஏழில் ஹேமர் பிரதர். எட்டாவதில்தான் அசல் பவுசர்.

மாடிவீட்டுக் குமரன்

அசலுக்கு அடுத்த நாற்காலி என் ஆளுக்கு. நான் இனிப்பு வாங்கப் போகிறேன்.

எட்டுபிட்

அந்தப் பட்டியலில் லகிட்டுவுக்கு மேலே புளூப்பர் இருக்கிறது. தண்ணீரில் ஏறி இறங்கும் கணவாய்க்கு ஆறாம் இடம் கொடுத்த பட்டியலை வைத்து யாருடைய தகுதியையும் அளக்க வேண்டாம். கூம்பாவைவிட ஆமை ஒரு படி மேலே என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கயல்விழி

பிடித்த வரியை மட்டும் படிக்கிறீர்கள். கோட்டையைக் காக்கப் பவுசர் வேடம் போட்டு முதலில் நிறுத்தப்பட்டது யார்? ஆமைகளின் அரசனுக்கு ஏன் ஓர் ஆமை கிடைக்கவில்லை? அமெரிக்கக் கையேட்டில் கூம்பாவைக் காளான் ராஜ்யத்துக்குத் துரோகம் செய்த காளான் என்றே எழுதியிருக்கிறது. எதிரியாவதற்கு ஒரு காரணக்கதை அதற்காவது இருக்கிறது. உங்கள் ஆமை ஏன் நடக்கிறது என்று அதற்கே தெரியாது, உங்களைப் போலவே.

மட்டுறுத்துநர்

ஆமையைத் திட்டலாம், உறுப்பினரைத் திட்டக்கூடாது. கயல்விழி, கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள்.

நெய்தல்

அதே கையேட்டில் காளான் மக்களைக் கல்லாகவும் செங்கல்லாகவும் மாற்றிவிட்டதாகவும் இருக்கிறது. காசுக்காகச் செங்கற்களை உடைத்துக்கொண்டு போகும் நாம் துரோகியைப் பற்றிப் பேசுகிறோம்.

எட்டுபிட்

எழுத்தில் இது தீராது. ஆடுபவர்களே கட்டங்களை உருவாக்கும் சூப்பர் மாரியோ மேக்கர் 2இல் ஆளுக்கொரு கட்டம் கட்டுவோம். என் கட்டத்தில் ஆமைகள் மட்டும், கயல்விழியின் கட்டத்தில் கூம்பாக்கள் மட்டும். இங்கே இருப்பவர்கள் ஆடிப் பார்த்து வாக்களிக்கட்டும்.

கயல்விழி

சம்மதம், ஒரு நிபந்தனையோடு. இங்கே இருப்பவர்கள் ஆடக்கூடாது. இவர்கள் எல்லோரும் கூம்பாவிடம் என்றோ பாடம் படித்து முடித்தவர்கள். மாரியோவை ஒருமுறையும் தொட்டிராத ஆளாகப் பார்த்து உட்கார வைப்போம். என் அம்மா தயார்.

எட்டுபிட்

அம்மா என்றால் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதா? என் மாமாவும் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டத்தின் எண்ணைப் போடுகிறேன்.

மாடிவீட்டுக் குமரன்

கொடிக்கம்பத்துக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு ஹேமர் பிரதரை நிறுத்திக்கொள்ளலாமா?

கயல்விழி

கூடாது.

எட்டுபிட்

கூடாது.