பணி அனுபவத்துக்குச் சென்ற மாணவர்கள்: நாம் நேரில் கண்டவற்றைப் பகிர்வோம்

உயர்நிலை வகுப்பு ஆசிரியை:

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் படிக்கும் மாணவர்களைப் பணியிடங்களுக்கு அனுப்பிவைப்பதும், அவர்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து பேசுவதும் என் பொறுப்பு. அந்தப் பேச்சில் நான் அடிக்கடி கேட்பது, "அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை டீச்சர், கேட்கவும் தயக்கமாக இருந்தது" என்பதுதான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தே இது அதிகமாக வருகிறது.

ஓர் அலுவலகத்துக்குச் சென்ற மாணவி, தனக்குக் கொடுத்த கோப்புகளைத் தேதிவாரியாகப் பிழையின்றி அடுக்கி முடித்துவிட்டு, அடுத்த வேலையை யாராவது சொல்வார்கள் என்று நெடுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பொறுப்பாளர் மதிப்பீட்டுத் தாளில் "ஆர்வம் போதாது" என்று எழுதியிருந்தார். வேலையாக இருக்கும் பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்ததாக அவள் என்னிடம் சொன்னாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொன்னால் மட்டும் செய், விடை தெரிந்தால் மட்டும் கையைத் தூக்கு என்று பல ஆண்டுகளாகப் பழக்கியது நாம்தான். தெரியாததைத் தெரியாது என்று உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்வதை எந்தப் பாடவேளையிலும் நாம் கற்பிப்பதில்லை. வேலைக்குத் தயார்ப்படுத்துவதில் முதலாவதாக வரவேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

தொழில் வழிகாட்டலுக்கு அடித்தளமிட்டவராகக் கருதப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ், 1908இல் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைத் தெளிவாக எண்ணிப் பார்ப்பது என்ற மூன்றையும் அவர் வலியுறுத்தினார். இன்று முதலாவதற்கு மாணவரின் விருப்பங்களை அறியும் சோதனைகளை நடத்துகிறோம், இரண்டாவதற்குக் கையேடுகளைக் கொடுக்கிறோம், மூன்றாவதைப் பிள்ளையின் தலையிலேயே கட்டிவிடுகிறோம். பணியிடத்திலிருந்து திரும்பியவர்களுடன் நடக்கும் உரையாடலை நான் விடாமல் வைத்திருப்பது அந்த மூன்றாவதற்காகத்தான். பணியிடங்களில் மாணவர்களைச் சந்தித்தவர்கள், அவர்களை அனுப்பியவர்கள், தாமே சென்றுவந்தவர்கள் ஆகியோர் தாங்கள் கண்டதைச் சொன்னால் பயனாக இருக்கும்.

இயந்திரப் பட்டறை மேற்பார்வையாளர்:

எங்கள் பட்டறைக்கு ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் வருகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உள்ள பொது விதி. ஆகவே ஓடும் இயந்திரத்தின் அருகில் அவர்களை விடுவதில்லை. அளவெடுத்தல், தரம் பிரித்தல், பதிவேடு எழுதுதல் ஆகியவற்றைத்தான் கொடுக்கிறோம். இவை ஒப்புக்குக் கொடுக்கும் வேலைகள் அல்ல என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவனிடம் நுண்ணளவு எடுக்கும் கருவியான வெர்னியரைக் கொடுத்து, கடைந்து வைத்திருந்த புஷ்கள் எனும் குழாய் வடிவ உருப்படிகளின் வெளிவிட்டத்தை அளந்து எழுதச் சொன்னேன். அழகான கையெழுத்தில், நேர்த்தியான கட்டம் போட்டு எழுதியிருந்தான். ஆனால் எல்லா அளவுகளும் ஒரே சீராகச் சற்றுக் கூடுதலாக இருந்தன. வெர்னியரின் தாடைகளை மூடிப் பார்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தோடு சேரவில்லை, 0.06 மில்லிமீட்டர் காட்டியது. புஷ்ஷை அது உட்காரும் துளையில் இறுக்கமாகப் பொருத்தும் இடத்தில், அது நல்ல உருப்படியையும் கழித்துப்போட வைக்கும் அளவு. "இதைக் கவனித்தாயா தம்பி?" என்று கேட்டேன். "கவனித்தேன் சார், இது நேர்ப் பிழை, ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும் என்று இயற்பியல் செய்முறையில் படித்திருக்கிறேன். ஆனால் பட்டறைக் கருவியில் பிழை இருக்காது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்" என்றான்.

அந்தப் பதில் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. பாடம் அவனுக்கு முழுமையாகத் தெரிந்திருந்தது, கருவியைச் சோதிக்கவும் செய்திருந்தான், வாய் திறந்து சொல்வது ஒன்றுதான் மீதமிருந்தது. அன்று அந்த வெர்னியரை ஒதுக்கி வைத்து, பிழையைக் கண்டவன் என்று அவன் பெயரையே பதிவேட்டில் எழுதச் சொன்னேன். மறுநாள் முதல் அவன் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் மூத்த தொழிலாளர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். மாணவர்களை ஏற்கும் நிறுவனத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையன் கேட்கவில்லை என்று குறை சொல்வதற்கு முன், யாரிடம் கேட்கலாம் என்று ஓர் ஆளைக் காட்டியிருக்கிறோமா?

ஆட்சேர்ப்புப் பிரிவில் பணியாற்றுபவர்:

பள்ளிகளில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தச் செல்வேன். "நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவன்" என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களே அதிகம். ஒரு மாணவன் மட்டும் தன்விவரக் குறிப்பில் அனுபவம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தான். வீட்டில் உன் பொறுப்பு என்ன என்று மெல்ல விசாரித்தேன். பாட்டியின் மருந்துகளை வேளை தவறாமல் கொடுப்பதும், கொடுத்ததை அட்டையில் குறிப்பதும், மாத்திரை தீருவதற்குள் வாங்கி வைப்பதும் தன் வேலை என்றான். அட்டையில் ஒருமுறை ஐயம் வந்தபோது இரண்டாவது மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டதாகவும் சொன்னான். இருப்பு நிர்வாகம், பதிவு, ஐயம் வந்தால் நிறுத்திக் கேட்பது எல்லாம் அதில் இருக்கின்றன. அதை அப்படியே எழுதச் சொன்னபோது, "இதெல்லாம் அனுபவமா சார்?" என்று வியந்தான். இப்படி எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் கோடு போட்டுவிட்டுப் போகிறார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

இன்னொன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 41 நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களில் 47 சதவீத ஆண்களும் 53 சதவீதப் பெண்களும் வெறும் பத்துத் தொழில்களுக்குள்ளேயே தங்கள் எதிர்காலத்தைக் காண்கிறார்கள். பார்த்திராத வேலையை யாரும் விரும்ப முடியாது. பதினொரு வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வேலை தருபவர்களை மாணவர் சந்திக்க வேண்டும் என்று பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்காக இங்கிலாந்தில் 2014இல் வகுக்கப்பட்ட காட்ஸ்பி அளவுகோல்கள் கூறுவதற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. வெர்னியர் நிகழ்வை இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினேன். அடுத்த செய்முறை வகுப்பில் பிழையுள்ள கருவி ஒன்றையும் கலந்து வைத்து, அதைக் கண்டு முன்வந்து சொல்பவருக்கு மதிப்பெண் தர அவர் இசைந்திருக்கிறார். பணி நாட்குறிப்பில் "இன்று என்ன கற்றாய்?" என்ற கேள்விக்கு இதுவரை எல்லோரும் ஒரே மாதிரியாக எழுதிவந்தார்கள். இனி அந்த இடத்தில் "இன்று யாரிடம், எதைக் கேட்டாய்? என்ன பதில் வந்தது?" என்று இருக்கும். பணியிடத்துக்கு அனுப்பும் கடிதத்தில், மாணவர் ஐயங்களைக் கேட்கவேண்டிய ஊழியரின் பெயரை நிரப்ப ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். அது நிரப்பப்படாமல் வந்தால், அந்த இடத்துக்கு நானே பேசிய பிறகுதான் பிள்ளையை அனுப்புவேன்.