பேக்ஹோவுக்குத் தமிழ்: பின்கொத்தா, இழுகொத்தா, வாரியா?

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு,
பழைய சங்கிலி டிராக்டரில் பேக்ஹோ (பின்னால் மாட்டும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தோண்டு கை) பொருத்துவது பற்றிய கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் தொழிற்பயிற்சி மாணவர்கள். 1938 முதல் 1957 வரை வந்த கேட்டர்பில்லர் டி2 போன்ற, மூன்று டன்னுக்குச் சற்று மேலான வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியது. நான்கு சொற்களுக்கு உங்கள் தீர்ப்பு வேண்டும்: பேக்ஹோ, அதைத் தாங்கும் சப்ஃபிரேம், தோண்டும்போது வண்டி ஆடாமல் நிலத்தில் ஊன்றும் ஸ்டெபிலைசர், ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு அழுத்த எண்ணெயைக் கொண்டுபோகும் பவர் பியாண்ட். என் வரைவில் முறையே பின்கொத்து, துணைச்சட்டம், ஊன்றுகால், இரண்டாம் வெளிவாய்.

தமிழாசிரியர்:

ஊன்றுகால் நல்ல வினைத்தொகை, அதைத் தொடாதீர்கள். பின்கொத்தில் எனக்கு இரண்டு ஐயம். முதலாவது புணர்ச்சி. பிற்பகல், பிற்காலம் என்று எழுதும் நாம் பிற்கொத்து என்று ஏன் எழுதவில்லை? காலத்தைக் குறித்தால் திரிகிறது, இடத்தைக் குறித்தால் பின்கதவு, பின்சக்கரம் என்று இயல்பாக நிற்கிறது என்று கொண்டால் உங்கள் வடிவம் சரி. இரண்டாவது பொருள். தோண்டுவதற்குப் பழஞ்சொல் தொடு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' (குறள் 396) எல்லாருக்கும் தெரிந்ததே. தொள், தொளை, துளை, தோண்டு யாவும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. 'தொடுகரம்' என்று ஆக்கினால் வேரும் நிற்கும், கை போன்ற வடிவமும் வரும்.

மென்பொருள் தமிழாக்கர்:

அம்மா, தொடுதிரை வந்த பிறகு 'தொடு' முழுக்க விரலுக்குப் போய்விட்டது. தொடுகரம் என்றால் மாணவன் உணரியைத்தான் நினைப்பான். அகழ்கரம் என்றாலாவது புரியும். ஆனால் அகழ்பொறி என்பதை, தோண்டுவதற்கென்றே உள்ள முழு வண்டியான எக்ஸ்கவேட்டருக்குப் பலர் எழுதுகிறார்கள், குழப்பம் வரும்.

பட்டறைப் பயிற்றுநர்:

மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு, இரண்டு சொற்களில் ஆபத்து இருக்கிறது.

முதலில் துணைச்சட்டம். 'துணை' என்றதும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும் என்று படும். பேக்ஹோவின் சுமை முழுவதும் அதன் வழியாகத்தான் வண்டிக்குள் போகிறது. வண்டியின் பின்புறம் இருப்பது கியர்பெட்டி உறை, வார்ப்பிரும்பு. 700 கிலோ எடையுள்ள பேக்ஹோவை அந்த உறையின் போல்ட்டுகளில் மட்டும் தொங்கவிட்டால், பக்கெட் ஒரு வேரில் மாட்டி நிற்கும்போது போல்ட் துளையிலிருந்து விரிசல் ஓடும். எனவே சட்டம் கீழே இழுவைத்தட்டில் தொடங்கி, வண்டியின் முதன்மைச் சட்டத்தோடு இருபுறமும் முன்பக்கம் வரை ஓட வேண்டும். அதைச் சங்கிலிச் சட்டத்தோடு கட்டவே கூடாது. இடது, வலது சங்கிலிச் சட்டங்கள் பின்புற அச்சில் சுழன்று, முன்பக்கப் பட்டைவில்லின் கீழ் தனித்தனியாக ஏறி இறங்குபவை. இரண்டையும் சேர்த்து இறுக்கினால் அந்த அசைவு நின்றுபோகும், இல்லையென்றால் வெல்டு கிழியும். 'சுமைச்சட்டம்' என்று போடுங்கள். பெயரைப் படித்தவுடனே எடை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

அடுத்தது இரண்டாம் வெளிவாய். பழைய வண்டியில், முன்னால் மண் தள்ளும் டோசர் பிளேடுக்கு அழுத்த எண்ணெயை அனுப்பும் வால்வு ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் பேக்ஹோ வால்வுகளைச் சேர்க்கும்போது, முதல் வால்வின் தொட்டிக்குத் திரும்பும் வாயில் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். பேக்ஹோ வேலை செய்யும்போது முழு அழுத்தமும் முதல் வால்வின் திரும்பறைக்குள் நிற்கும். அந்த அறை அதற்காக வார்க்கப்பட்டது அல்ல. சீல் வெளியே தள்ளும், வார்ப்பு பிளக்கும். பவர் பியாண்ட் ஸ்லீவ் (வால்வுக்குள் செருகும் உறை) போட்டால்தான் அழுத்த எண்ணெய் தனி வாயில் வெளியேறும், தொட்டிக்குப் போகும் குழாய் தனியாகவே இருக்கும். இரண்டுக்கும் 'வெளிவாய்' என்று பெயர் வைத்து எண் மட்டும் கொடுத்தால் மாற்றி மாட்டுவது உறுதி. அழுத்தம் உள்ளதற்கு 'தொடரழுத்த வாய்', இல்லாததற்கு 'திரும்புவாய்' என்று பிரியுங்கள்.

மென்பொருள் தமிழாக்கர்:

இரண்டையும் ஏற்கிறேன். பேக்ஹோவுக்கு வருவோம். அந்தப் பெயரில் 'பேக்' என்பது பொருத்தும் இடத்தைச் சொல்லவில்லை, பக்கெட் மண்ணைத் தன் பக்கம் பின்னோக்கி இழுப்பதைச் சொல்கிறது என்பார்கள். அப்படியென்றால் 'பின்' தவறு, 'இழுகொத்து' சரி. வினைத்தொகை என்பதால் வல்லினமும் மிகாது.

தமிழாசிரியர்:

இழுப்பதற்கு 'வாங்கு' இன்னும் பழையது. வாங்குவில் என்றால் வளைத்த வில். ஒலிவாங்கி வழக்கில் நிலைத்ததுபோல 'மண்வாங்கி' நிலைக்காதா? முழங்கை மடங்குவதுபோல வளைந்து இழுக்கும் கருவிக்கு வளைவு, இழுப்பு இரண்டையும் ஒரே வேர் தருகிறது. டிராக்டருக்கு உழுவை என்று எழுதுகிறோமே, சங்கப் பாட்டில் உழுவை புலி. பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது நமக்குப் புதிதன்று.

பட்டறைப் பயிற்றுநர்:

மண்வாங்கி என்றால் மண்ணை விலைக்கு வாங்கியவர் என்றே கேட்கும், அம்மா.

'கொத்து' எந்த வடிவிலும் வேண்டாம். பேக்ஹோ கொத்தக் கூடாது. பக்கெட்டைத் தூக்கி நிலத்தில் போட்டு உடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த அடியில் பின்னும் (மூட்டு ஆணி), அது சுழலும் புஷ்ஷும் முட்டை வடிவத்தில் தேயும், சுழல்தூணின் கீழ்ப்புஷ் முதலில் போகும். பக்கெட் பற்களை மண்ணில் பதித்து, ஆர்மை (பக்கெட் மாட்டிய முன்கை) மடக்கி, வாரி எடுக்க வேண்டும். நாங்கள் சொல்லும் வினை அதுதான்: வாருவது.

மொழிபெயர்ப்பாளர்:

வாரி! தலை வாருகிறோம், வாரி அணைக்கிறோம். தன்னை நோக்கி இழுப்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'இழு' தனியாகத் தேவையில்லை, எனவே 'பின்' இடத்தை மட்டும் குறித்தாலும் குறையில்லை. பின்வாரி?

புது உறுப்பினர்:

ஏன் இவ்வளவு சுற்று? ஊரெல்லாம் ஜேசிபி, பொக்லைன் என்கிறார்கள். இரண்டும் நிறுவனப் பெயர்களே. இலங்கைச் செய்தித்தாள்களில் பெக்கோ இயந்திரம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறாரே, பேக்ஹோ என்றே எழுதலாம்.

தமிழாசிரியர்:

அந்த நூற்பா வடசொல்லுக்கு. பிற மொழிகளுக்கும் அதை நீட்டலாம் என்பது உரையின் வழி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜேசிபி என்று எழுதினால் முழு வண்டியையும் எண்ணுவார்கள். நமக்கு வேண்டியது பழைய வண்டியில் ஏற்றும் உறுப்பு ஒன்றின் பெயர்.

பட்டறைப் பயிற்றுநர்:

பெயர் எதுவானாலும் கையேட்டில் எண்ணெய்க் கணக்கு ஒரு பக்கம் கட்டாயம் வரட்டும். வரைவில் அது இல்லை. பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய், அழுத்தம் 140 பார் என்றால் 40 × 140 ÷ 600, அதாவது 9.3 கிலோவாட். இழப்பையும் சேர்த்து எஞ்சினிலிருந்து ஏறக்குறைய 11 கிலோவாட் போகும். இந்த வண்டிகளுக்கு அது தாங்கும். 75 மி.மீ. சிலிண்டர் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 62 கிலோநியூட்டன், ஆறு டன்னுக்கு மேல் தள்ளும். பழைய பூமுக்கு (வண்டிப் பக்க மேற்கை) அதுவே நிறைய. தோண்டவில்லை என்று, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வை இறுக்குவதைக் கையேடு வெளிப்படையாகத் தடுக்க வேண்டும்.

உறிஞ்சுகுழாயில் எண்ணெய் நொடிக்கு 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. 25 மி.மீ. உள்விட்டம் போட்டால் 1.36 வரும், 32 மி.மீ. என்றால் 0.83. சிறிய குழாயோடு ஓட்டினால் பம்ப் கீச்சிடும், உள்ளே குழிக்குழியாக அரிக்கும். எண்ணெய் நுரைத்தால் உறிஞ்சுபக்க இணைப்பில் காற்று இழுக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் பிளேடு இல்லாத வண்டியில் எதிரெடை வையுங்கள், இல்லாவிட்டால் பின்வாரியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது சங்கிலியின் முன்முனை எழும்பும். பயணத்தின்போது பூம் பூட்டு, சுழல் பூட்டு இரண்டு பின்னும் போட்டிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

பயிற்றுநர் ஐயாவே பின்வாரி என்று எழுதிவிட்டார்! எண்ணெய்க் கணக்கைத் தனிப்பக்கமாகச் சேர்க்கிறேன். ஊன்றுகால், சுமைச்சட்டம், தொடரழுத்த வாய், திரும்புவாய் ஆகியவற்றுக்கு மறுப்பு வரவில்லை. பின்வாரிக்கு மூவர் ஆதரவு. முதல் இடத்தில் 'பேக்ஹோ என்னும் பின்வாரி' என்று எழுதி, பிறகு பின்வாரி மட்டும் போடுகிறேன். பூம், ஆர்ம், பக்கெட், பின், புஷ் அப்படியே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

வாரி என்றால் கடல், வருவாய் என்றும் பொருள் உண்டு. அகராதியில் அவற்றோடு இதுவும் ஏறும். என் வாக்கு மண்வாங்கிக்கே, பதிவு செய்துகொள்ளுங்கள். பூமுக்குத் தமிழ் வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? அடுத்த பதிப்புக்கு முன் அதைப் பேச வேண்டும்.

புது உறுப்பினர்:

வகுப்பில் பேக்ஹோ என்றுதான் சொல்லப்போகிறார்கள். படத்தில் பாகங்களைக் காட்டும் இடத்திலாவது இரண்டு பெயரும் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

படத்தில் இரண்டும் இருக்கும். இன்றிரவு மெய்ப்பு அனுப்புகிறேன், வால்வு படத்தில் இரண்டு வாய்களின் பெயரும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பயிற்றுநர் ஐயா மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.