கழுத்தை மடக்கித் திருப்பினால் எவ்வளவு போகும்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பிசியோதெரபி மாணவி:
வகுப்பில் ஒருவர் கழுத்தை ஒருவர் அளந்து பார்த்தோம். யாருக்கும் வலியோ பழைய அடியோ கிடையாது. உட்கார்ந்தபடி திருப்பியபோது பெரும்பாலானவர்கள் 80 டிகிரியை ஒட்டிப் போனார்கள். அதில் பெரிய சுவாரசியம் இல்லை. அடுத்ததுதான் விஷயமே.

மல்லாந்து படுக்க வைத்து, முகவாய் நெஞ்சை நோக்கிப் போகும்படி கழுத்தை முழுக்க மடக்கி, அந்த மடிப்பு குலையாமல் தலையைத் திருப்ப வேண்டும். அப்படி மடக்கினால் கீழ்க்கழுத்து இறுகி ஒதுங்கிக்கொள்ளும். திரும்புகிற வேலை முக்கால்வாசி, கழுத்தின் மேல் நுனியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டுக்கு வந்துவிடும். உள்ளங்கைகளில் தலையின் கனம் தெரிகிறது, வழவழவென்று திரும்புகிறது, 40, 45 டிகிரி வாக்கில் அழுத்தமாக நிற்கிறது. மடிப்பைக் கொஞ்சம் தளர விட்டால் போதும், கீழ்க்கழுத்தும் சேர்ந்துகொண்டு எண் தாராளமாக ஏறிவிடும். தலை உச்சியில் திசைகாட்டி பொருத்தி அளந்தோம். யாரோ செல்போனைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் ஊசி ஆடத் தொடங்கியது!

அளக்கப் படுத்தவன்:
அந்தப் படுக்கையில் நானும் இருந்தேன். வலிக்கவில்லை, ஆனால் யாரோ கதவைத் தாழ் போட்ட மாதிரி சட்டென்று நின்றது. இவ்வளவுதானா என்று கேட்டேன். பிடரி இழுத்தது, அவ்வளவுதான். இடது பக்கம் வலதைவிடச் சில டிகிரி குறைவாக வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து கொஞ்சம் உறுத்தல். இது கவலைப்பட வேண்டியதா?

பல வருடமாகத் தொழிலில் இருப்பவர்:
சில டிகிரி வித்தியாசம் நல்ல கழுத்திலும் வரும் தம்பி. அதே ஆளை அதே கை மறுபடி அளந்தாலும் எண் கொஞ்சம் மாறும். நாங்கள் யோசிப்பது, ஒரு பக்கம் 32 டிகிரி அளவுக்கோ அதற்குக் கீழேயோ போய், கூடவே கழுத்திலிருந்து கிளம்புகிற ஒற்றைப்பக்கத் தலைவலியும் இருந்தால்தான். தலைவலியே இல்லாதவர் இந்த எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நீங்கள் உணர்ந்த அந்தத் தாழ் வேறொன்றுமில்லை. இரண்டாவது எலும்பான ஆக்சிஸிலிருந்து முளைபோல ஒரு பகுதி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் எலும்பான அட்லஸ் வளையமாக அதைச் சுற்றித் திரும்புகிறது. முளையிலிருந்து மண்டையோட்டின் அடிக்குப் போகும் ஆலார் லிகமென்ட்கள் (எலும்புகளைப் பிணைக்கும் நார்ப்பட்டைகள்) இரண்டும் விறைத்ததும் திருப்பம் முடிந்தது. தலையை இல்லை என்று ஆட்டும்போது பாதி வேலை இந்த ஒரு மட்டத்தில் நடக்கிறது. ஆமாம் என்று ஆட்டுவதற்கு அதற்கு மேலே, மண்டையோடும் அட்லஸும் சேரும் மூட்டு. அங்கே திருப்பம் மிகச் சொற்பம்.

எனக்கு இன்றும் வியப்பு வயதானவர்களை அளக்கும்போதுதான். மொத்தத் திருப்பம் நன்றாகக் குறைந்திருக்கும், பின்னால் பார்க்க உடம்போடு திரும்புவார்கள். ஆனால் மடக்கித் திருப்பினால் அந்த அளவுக்கு இழப்பு தெரியாது. கீழே உள்ள எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் உண்டு, வயதில் அவை தேயும். அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் நடுவே வட்டே கிடையாது. காரணம் அது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நினைவில் வைக்க வேண்டிய வித்தியாசம்.

பிசியோதெரபி மாணவி:
அப்போ வீட்டில் பெரியவர்களுக்கும் அளந்து பார்க்கலாமா சார்?

பல வருடமாகத் தொழிலில் இருப்பவர்:
முதலில் கேள்விகள், அப்புறம்தான் கை. முடக்குவாதம் இருப்பவர்களுக்கு அந்த முளையை இடத்தில் பிடித்து வைக்கும் குறுக்கு லிகமென்ட் தளர்ந்திருக்கலாம். பின்னாலேயே தண்டுவடம் இருக்கிறது. விபத்தில் கழுத்தில் அடி, திருப்பினால் தலைச்சுற்றல், கை கால் மரத்துப்போவது, இதில் எது இருந்தாலும் தொடாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றாலும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகச் செய்யுங்கள். வலி என்று சொன்ன இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள்.