பி பிளாக் அம்மாக்கள்

நிலா அம்மா: நேற்று இரவு குழுவில் ஓர் அட்டவணை வந்ததே, 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதாம். அது எனக்குத்தானே, கவின் அம்மா?

கவின் அம்மா: ஐயோ, பொதுவாகத்தான் போட்டேன்.

நிலா அம்மா: கவின் எங்கள் வீட்டில் போன் பார்த்துக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்ட அன்றைக்கே வந்ததே 😐

கவின் அம்மா: சரி, உங்களுக்குத்தான். மன்னித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து, "நிலா வீட்டுத் தோசைதான் வேணும்" என்று ஒரே அழுகை. எங்கள் வீட்டுத் தோசையோடு யூடியூப் வராதே.

பரிதா அக்கா: 😂

நிலா அம்மா: வேலை முடிந்து வரவே ஆறரை ஆகிறது. அப்புறம்தான் சமையல். அந்த இருபது நிமிடம் போன் இல்லையென்றால் சட்னி சுவரில்தான் இருக்கும். ஒரு வார்த்தை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

பரிதா அக்கா: என் பெரியவன் 9 மாதக் குழந்தையாக இருந்தபோது என் தோழி அவன் நாக்கில் தேன் தடவ வந்தாள். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, அதிலிருக்கும் கிருமி குடலில் வளர்ந்து நஞ்சாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். இரண்டு வாரம் பேச்சில்லை. மற்றபடி அவள் பெண் ராத்திரி பதினொரு மணி வரை ஆடினாலும் நான் வாயே திறந்ததில்லை. இப்போது அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும்தான் போகிறேன்.

கவின் அம்மா: அக்கா சொன்னால் சரி. நிலா அம்மா, இனிமேல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே அவனைக் கூப்பிட்டுக்கொள்ளவா?

நிலா அம்மா: வேண்டாம், சாப்பிடட்டும். அவன் இருக்கும்போது போனை எடுக்க மாட்டேன். ஆனால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் "தானே சாப்பிடட்டும்" என்று விட்டுவிடுகிறீர்கள். நிலா பசியோடுதான் திரும்பி வருகிறாள்.

கவின் அம்மா: அடடா! தட்டு காலியாகத்தானே இருந்தது?

நிலா அம்மா: கவினுக்குக் கொடுத்துவிடுகிறாளாம்.

கவின் அம்மா: 🤦 இனிமேல் ஊட்டிவிடுகிறேன். கவினும் கேட்பானே?

நிலா அம்மா: அவனுக்கும் ஊட்டுங்கள்.

கவின் அம்மா: அட்டவணையை அழித்துவிட்டேன்.

பரிதா அக்கா: நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். வயது 52.